குடும்ப நலம்: இரு வகை வியர்வை

ஆவணி பிறந்துவிட்டால் திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலைக்குத் தனியொரு களை வந்துவிடுகிறது. ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்குப் பல நாட்கள் முன்பிருந்தே காவியுடை அணிந்த கூட்டங்கள், சப்பரத்தை முன்னே இழுத்துக்கொண்டும் செபமாலை சொல்லிக்கொண்டும், இரவென்றும் பகலென்றும் பாராமல் நடந்துபோவதை நம் வாசகர்கள் எத்தனையோ முறை கண்டிருப்பர். அவர்களுள் பலர் தாமே நடந்தும் இருப்பர். திருவாரூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். இளைஞர்களுக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது கணக்கிட்டு நடக்கவேண்டிய தூரம்.

சில ஆண்டுகளுக்கு முன் கீழ்வேளூரை அடுத்த ஒரு தேநீர்க் கடை வாசலில் நாம் கண்ட காட்சி ஒன்று இன்னும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் விசுப்பலகையில் சாய்ந்து கிடந்தார். சட்டை முழுவதும் நீரில் தோய்த்தெடுத்தது போல் நனைந்திருந்தது. வெயில் கடுமை என்று எண்ணிய உடன் வந்தோர் துண்டால் விசிறினர்; முகத்தில் நீர் தெளித்தனர். அவரோ தாங்கிப் பிடித்த மைத்துனரின் கையை வெடுக்கென்று தட்டிவிட்டு, திருப்பயணத்தில் எவரும் வாயெடுக்காத ஒரு சொல்லால் அவரை ஏசினார். நா குழறியது. "காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது" என்று கடையோரம் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். கூட்டத்தினர் வெட்கித் தலைகுனிந்தனர். அவரை அங்கேயே விட்டுவிட்டு மேலே நடக்கலாமா என்றுகூடப் பேச்செழுந்தது.

அப்போது பின்னால் வந்த குழுவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: "தம்பி, இவருக்குச் சர்க்கரை உண்டா?"

"உண்டு அம்மா. காலையில் மாத்திரைகூடப் போட்டுக்கொண்டார்."

"சாப்பிட்டாரா?"

"இல்லை. மச்சான் இன்றைக்கு ஒருசந்தி. கோயில் போய்ச் சேரும்வரை தண்ணீர் மட்டும்தான் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார்."

மூதாட்டி வேறொன்றும் கேட்கவில்லை. கடைக்காரரிடம் சொல்லி அரைக் குவளை நீரில் நான்கு கரண்டி சர்க்கரையைக் கரைத்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். கால் மணி நேரம் சென்றிருக்கும். மனிதர் சுற்றும்முற்றும் பார்த்து, "ஏன் எல்லாரும் நிற்கிறீர்கள்? நேரமாகிறதே" என்றார். தாம் ஏசியதோ கையைத் தட்டிவிட்டதோ அவர் நினைவில் இல்லை.

பின்னர் அவரோடு பேசியபோது முழு விவரமும் தெரியவந்தது. உடல் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். நான்கு மாதமாக இவர் சோற்றை ஏறத்தாழ விட்டேவிட்டார். நாள்தோறும் விடியலில் கமலாலயத்தின் நான்கு கரைகளையும் பல முறை சுற்றி வேகநடை பழகினார். எடையும் குறைந்தது. அதன்மேல் நேர்ச்சையின் நோன்பு. மூன்றும் நல்ல காரியங்களே. எவர் குறை சொல்வார்? ஆனால் நான்கு மாதத்திற்கு முன் பருத்த உடலுக்கும் மூவேளைச் சோற்றுக்கும் அளந்து எழுதப்பட்ட மாத்திரையின் அளவு மட்டும் மாறவே இல்லை. எடை குறைந்ததை மருத்துவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இந்நிகழ்ச்சியை இப்போது நினைவுகூரக் காரணம் நமக்கு வந்த ஒரு தாயின் கடிதம். அவருடைய மகன் காவலர் தேர்வுக்காகப் பயிற்சி செய்கிறான். ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடி முடிக்கவேண்டும் என்பது அத்தேர்வின் விதி. உடல் இலேசாக இருந்தால் வேகம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரவு உணவை நிறுத்திவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ஓடுகிறானாம். இருமுறை கைகால் நடுங்கி மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டானாம். "இவனுக்கும் இவன் தாத்தாவைப் போல் சர்க்கரை வியாதி வந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார். முதியவரின் நடுக்கமும் இளைஞனின் நடுக்கமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் அபாயத்தில் ஒன்றல்ல என்பதால், இரண்டையும் இம்மாதம் சேர்த்தே எழுத எண்ணினோம்.

நம் உடலில் ஓடும் குருதி முழுவதிலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிராம். தேநீரில் இடும் ஒரு சிறு கரண்டி. அவ்வளவே! மூளையோ மணிக்கு ஏறத்தாழ 5 கிராம் சர்க்கரையைச் செலவழிக்கிறது. தனக்கென்று சேமிப்பும் அதற்கு இல்லை. அப்படியானால் உண்ட ஒரு மணி நேரத்தில் நாமெல்லாரும் மயங்கி விழவேண்டுமே, ஏன் விழுவதில்லை? ஈரல் இருப்பதனால். உண்ட உணவிலிருந்து சுமார் 100 கிராம் அளவுக்கு மாவுச்சத்தை ஈரல் தன்னிடம் தேக்கிவைத்து, குருதியில் குறையக் குறையச் சிறுகச் சிறுகத் திறந்துவிடுகிறது. தசைகளிலும் அதைப்போல் மும்மடங்கு நான்மடங்கு சேமிப்பு உண்டு. ஆனால் தசை தன் இருப்பைத் தானே செலவழிக்குமேயன்றிப் பிறர்க்குக் கொடாது.

காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. ஈரலே மேட்டூர் அணை. குருதி ஆறு. தசைகள் மேல்மடை வயல்கள். மூளை கடைமடை. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்பது வயல்களுக்கு மடை திறக்கும் நீர்க்காரன். அதோடு அணையின் மதகைச் சற்றுத் தாழ்த்திவைப்பதும் அவன் வேலை. நலமுள்ளவனுக்கு ஆற்றில் நீர் குறைந்தவுடன் நீர்க்காரன் மடையை அடைத்துவிடுவான். அணையும் தானே திறந்துகொள்ளும். ஊசியாலோ மாத்திரையாலோ இன்சுலினைப் பெருக்கியவனுக்கு நீர்க்காரன் மடையைத் திறந்துவைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். அடைக்க ஆளில்லை. போதாக்குறைக்கு, உழைக்கும் தசை இன்சுலினின் தயவில்லாமலே தனியாக ஒரு வாய்க்கால் வெட்டிச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. கடைமடை காய்வதைத் திருவாரூர்க்காரருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த உண்மையைத் தம் உடலிலேயே கண்டறிந்த மருத்துவர் ஒருவர் உண்டு. 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கனடா நாட்டு டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அப்போது ராபின் லாரன்ஸ் என்ற ஸ்காட்லாந்து நாட்டு இளம் மருத்துவர் நீரிழிவால் நலிந்து சாவை எதிர்நோக்கி இருந்தார். 1923-இல் அம்மருந்து கிடைக்கப்பெற்றுப் பிழைத்தெழுந்த அவர், இன்சுலின் போட்டுக்கொண்டபின் உடற்பயிற்சி செய்தால் அதே அளவு மருந்து பன்மடங்கு வேகத்தோடு சர்க்கரையை இறக்குகிறது என்பதை ஆராய்ந்து 1926-இல் வெளியிட்டார். நூறாண்டுகளுக்கு முன் அறியப்பட்ட செய்தி. நம் ஊர்க் குடும்பங்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நலமுள்ள உடல்களைப் பற்றிய ஆராய்ச்சியும் ஏறக்குறைய அக்காலத்ததே. 1924-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் ஓடி முடித்த சிலரின் குருதியை லெவின் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் சோதித்தனர். தள்ளாடியும் முகம் வெளிறியும் பேச்சுத் தடுமாறியும் வந்தவர்களின் குருதியில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. நன்னிலையில் வந்தவர்களுக்கு அவ்வளவு தாழவில்லை. மறு ஆண்டு ஓட்டத்திற்கு முன் மாவுச்சத்து மிகுந்த உணவும், ஓடும் வழியில் மிட்டாயும் கொடுத்துப் பார்த்தனர். தள்ளாட்டம் நின்றது, ஓட்டமும் சீர்ப்பட்டது. ஆக, மணிக்கணக்கில் ஓடினால் நோயற்ற வீரனுக்கும் இருப்புத் தீரும். ஆனால் கடிதம் எழுதிய தாயின் மகன் ஓடுவது 7 நிமிட ஓட்டம். அதற்குள் ஈரலின் சேமிப்புத் தீர்ந்துவிடாதே?

தீராதுதான். ஆனால் அவன் இரவு உண்ணவில்லை. முந்தைய மதியத்திலிருந்து விடியல்வரை பதினைந்து, பதினாறு மணி நேரம் ஈரல் மூளைக்கு அளந்துகொண்டே இருந்திருக்கிறது. முந்தைய நாள் ஓட்டத்தில் தசை இழந்த இருப்பும் நிரம்பவில்லை. அணையின் அடிமட்டத்தில் நீர் கிடக்கும்போது மதகைத் திறந்தால் என்ன வரும்? நோயற்ற உடலாதலால் கொழுப்பையும் புரதத்தையும் கரைத்து எப்படியோ ஈடுகட்டிவிடுகிறது. அபாயமான அளவுக்கு இறங்க விடுவதில்லை. நடுக்கமும் படபடப்பும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்களே. சில நேரங்களில் நீர்ச்சத்துக் குறைவும் உப்புக் குறைவும் இதே நடுக்கத்தைத் தரும். எனவே "எனக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது" என்று சொல்லும் இளைஞர்கள் உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்க அறுவை மருத்துவரான விப்பிள் என்பவர் 1930களில் வகுத்த மூன்று நிபந்தனைகள் இன்றும் செல்லும்: அறிகுறி இருக்கவேண்டும், அந்நேரத்திலேயே குருதியைச் சோதித்துச் சர்க்கரை தாழ்ந்திருப்பதைக் காணவேண்டும், சர்க்கரை கொடுத்தவுடன் அறிகுறி மறையவேண்டும். மருந்தேதும் உண்ணாத ஒருவருக்கு இம்மூன்றும் பொருந்தி, மீண்டும் மீண்டும் வருமாயின் மருத்துவரிடம் காட்டவேண்டும். வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

அன்புத் தாயே, உங்கள் மகனுக்குத் தேவை இரவுச் சோறு. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ, இரண்டு இட்லியோ, ஒரு கைப்பிடி ஊறிய அவலும் வெல்லமுமோ போதும். ஓடி முடித்தபின் பழைய சோறும் நீராகாரமும் உப்புமாகக் கொடுங்கள். மாப்பிள்ளைச் சம்பா என்ற நெல்லுக்கு அப்பெயர் வந்த கதையை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். பெண் கேட்டு வந்தவன் இளவட்டக்கல்லைத் தூக்கித் தன் வலிமையைக் காட்டவேண்டும். அதற்குத் தயாராக அவனுக்கு ஊட்டிய அரிசியாம் அது. அந்நெல்லையும் இன்னும் பல பாரம்பரிய நெல் வகைகளையும் தேடிச் சேர்த்து ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் 2018-இல் காலமானார். கல் தூக்கப்போகிறவனைப் பட்டினி போட்டதாக எந்தக் கதையிலும் நாம் கேட்டதில்லை. ஓடுவதற்குச் சற்று முன்னர் மட்டும் இனிப்புப் பானங்களை மடமடவென்று குடிக்கவேண்டா. சிலருக்கு அதனால் இன்சுலின் திடீரெனச் சுரந்து, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் சர்க்கரை கீழே இறங்கிவிடும்.

கபடி ஆட்டக்காரர்களுக்கும் ஒரு சொல். எடைப் பிரிவில் நுழைவதற்காக இரண்டு நாள் சோறும் நீருமின்றி இருந்து, எடை பார்த்த கையோடு களத்தில் இறங்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு முழுவதும் எடையைக் குறைக்கப் போராடியும் 100 கிராம் கூடுதலாக நின்றதையும், உடலில் நீர் வற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் நாடே கண்ணீரோடு பார்த்தது. பெரிய மருத்துவர் குழு உடனிருந்த இடத்திலேயே அந்நிலை. நம் ஊர்த் திடலில் யார் இருக்கிறார்கள்?

இனி, உண்மையான அபாயத்திற்கு வருவோம். நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. நம் மாநிலத்தில் 2021 முதல் அரசே வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வாங்குகிறவர்களுள் எத்தனை பேருக்குத் தாம் விழுங்கும் மாத்திரையின் பெயர் தெரியும்? "வெள்ளை மாத்திரை ஒன்று, சிறிய மாத்திரை ஒன்று" என்பதே பலருடைய விடை. பெயர் தெரிவது இங்கே உயிர்காக்கும் செய்தி. மெட்ஃபார்மின் மட்டும் உண்பவருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு ஆகியவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நீங்கள் உண்டீர்களா, நடந்தீர்களா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசியும் அவ்வாறே. இவற்றை எடுத்துக்கொள்வோர் உணவைக் குறைக்க விரும்பினாலும், பயிற்சியைக் கூட்ட விரும்பினாலும், தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் போய் மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ளவேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறு. தாமாகத் தொடர்வதும் தவறு.

சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் சோற்றையும் இட்லியையும் அறவே ஒதுக்கும் உணவுமுறை பரவியிருக்கிறது. அதன் நன்மை தீமைகளை வேறொரு மாதத்தில் பார்க்கலாம். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறோம். மேற்சொன்ன மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே, அண்டைவீட்டார் சொன்னார் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சோற்றை நிறுத்துகிறவர் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கீழ்வேளூர்க் கடை வாசலை அடைந்துவிடக்கூடும்.

உழைப்பினால் வரும் வியர்வையும் சர்க்கரைத் தாழ்வினால் வரும் வியர்வையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். நாம் இம்மாதம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுவே. வீட்டில் சும்மா அமர்ந்திருக்கும் ஒருவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் ஏதோ கோளாறு என்று அவரே உணர்ந்துவிடுவார். நடக்கிறவருக்கும் ஓடுகிறவருக்கும் இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. வியர்வை நடையினால் என்று எண்ணுவார். படபடப்பு ஓட்டத்தினால் என்று எண்ணுவார். சோர்வு தூரத்தினால் என்று தள்ளிவிடுவார். அடுத்த படியில் மூளையே மங்கத் தொடங்கும். தனக்கு என்ன நேர்கிறது என்று சொல்லவேண்டிய கருவியே பழுதாகிவிட்டபின் அவர் எப்படிச் சொல்வார்? அடிக்கடி தாழ்வு வந்தவர்களுக்கு உடல் முன்னெச்சரிக்கை தருவதையே மறந்துவிடுகிறது. குருதியழுத்தத்திற்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கிவைத்துவிடுகின்றன. வியர்வை ஒன்றே மிஞ்சும்.

ஆகவே கண்டுபிடிக்கவேண்டியவர் உடன் நடப்பவர். உழைப்பின் வியர்வை வெதுவெதுப்பான உடலில் வரும். நிழலில் சற்று அமர்ந்தால் குறையும். தாழ்வின் வியர்வை பெரும்பாலும் சில்லிட்ட, பிசுபிசுத்த, வெளிறிய தோலில் வரும்; அமர்ந்தபின்னும் பெருகும். உடல் நெருப்பாய்க் கொதித்து நினைவு தடுமாறினால் அது வெயில் தாக்கமாக இருக்கலாம், உடலைக் குளிர்விக்கவேண்டும். எல்லாவற்றிலும் உறுதியான குறி குணமாற்றம். சாந்தமானவர் சீறுவார். கலகலப்பானவர் வாய்மூடிப்போவார். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார். செபமாலையில் எத்தனையாவது மணி என்பது தவறிக்கொண்டே இருக்கும். கால் கோணும். உதட்டோரம் மரத்துப்போவதாகவும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதாகவும் சொல்வார். குடித்தவன் போல் இருக்கிறானே என்று தோன்றினால், அந்த எண்ணமே சர்க்கரையைத் தேடி எடுப்பதற்கான சைகை என்று கொள்க. சோதிக்கும் கருவி கையிலிருந்தால் பார்க்கலாம். 70-க்குக் கீழ் தாழ்வு, 54-க்குக் கீழ் கடுமையான தாழ்வு. கருவி இல்லையென்றால் காத்திருக்கவேண்டா. தாழ்வாக இல்லாதவருக்கு ஒருமுறை மூன்று கரண்டி சர்க்கரை கொடுத்ததால் பெருங்கேடு எதுவும் வந்துவிடாது. தாழ்ந்தவருக்குக் கொடாமற்போனால் என்னவெல்லாமோ வரும்.

கொடுக்கவேண்டிய அளவு 15 கிராம். குளுகோஸ் பொடியோ சர்க்கரையோ மூன்று, நான்கு சிறு கரண்டி, நீரில் கரைத்தது. அரைக் குவளை பானகமும் ஆகும். கால் மணி நேரம் கழித்துத் தெளியவில்லையெனில் மறுபடி அதே அளவு. சாக்லேட்டும் பால் இனிப்புகளும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும். தெளிந்தவுடன் எழுந்து நடந்துவிடக் கூடாது. இட்லியோ ரொட்டியோ பிஸ்கட்டோ உண்டு, அரைமணி இருந்து பார்க்கவேண்டும்.

மருந்துக் கடைக்காரர்களே சொல்ல மறக்கும் செய்தி ஒன்றை இங்கே சேர்க்கிறோம். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகள் வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுப்பவை. நம் நாட்டில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இவற்றைப் பலரும் உண்கின்றனர். அவர்களுக்குத் தாழ்வு வந்தால் சர்க்கரைத் தண்ணீரும் வெல்லமும் விரைந்து வேலை செய்யா. குளுகோஸ் பொடியே வேண்டும். பொட்டலம் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துக் கிடத்தி, 108-ஐ அழைத்து, "சர்க்கரை நோயாளி, மயங்கிக் கிடக்கிறார்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் குளுகோஸை நரம்பில் செலுத்தினால் பல வேளைகளில் சில நிமிடங்களிலேயே கண்விழிப்பார். விழித்ததும் வீட்டுக்கு அழைத்துப்போக அவசரப்படுவது நம் மக்களின் வழக்கம். கிளிபென்கிளமைடு போன்றவை உடலில் நெடுநேரம் தங்குபவை. முதியோருக்கும் சிறுநீரகம் நலிந்தோருக்கும் இன்னும் அதிக நேரம். சில மணி கழித்து மறுபடியும் இறங்கும். மருத்துவர் ஓர் இரவு தங்கச் சொன்னால் தங்குங்கள்.

பயிற்சி முடிந்ததோடு அபாயமும் முடிந்ததென்று எண்ணுவது மற்றொரு பிழை. காலியான தசைகள் பல மணி நேரம், சிலபோது ஒரு நாள்கூட, சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் நடந்தவருக்கு நள்ளிரவில் வரலாம். உறக்கத்தில் யார் பார்ப்பது? அன்று இரவு ஒரு பிடி கூடுதலாக உண்டு படுக்கவேண்டும். மது அருந்தியிருந்தால் ஈரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கும் தொழிலையும் நிறுத்திவிடும் என்பதை, ஆட்டம் முடிந்து களியாட்டம் தேடும் இளைஞர்களின் காதில் பெற்றோர் போட்டுவைக்கலாம். நடைக்குமுன் இன்சுலினைத் தொடையில் போடவேண்டா. உழைக்கும் காலில் மருந்து விரைவாகக் கலந்துவிடும். வயிற்றில் போட்டுக்கொள்வது நன்று.

இவ்வளவையும் படித்துவிட்டு, "சர்க்கரைக்காரன் வீட்டிலேயே கிடப்பது மேல்" என்று எவரும் சொல்லக் கூடாது. 1997-இல் நீரிழிவு கண்டறியப்பட்ட வாசிம் அக்ரம், இன்சுலின் போட்டுக்கொண்டே மேலும் பல ஆண்டுகள் வேகப்பந்து வீசினார். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் அணி 12 ஓட்டங்களில் வென்றபோது, தோற்ற வருத்தத்தையும் மறந்து சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினரே, அந்த அணியின் தலைவர் அவர்தாம். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அவரது ஊசியை அறிந்திருப்பர்! அளந்து உண்டு, சோதித்துப் பார்த்து, மருந்தைத் திருத்திக்கொண்டு உழைப்பவனுக்கு விளையாட்டு விலக்கன்று.

நோன்பைப் பற்றியும் கேட்பார்கள். திருச்சபைச் சட்டம் ஒருசந்தியைத் திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே கட்டாயமாக்குகிறது. அதுவும் 18 வயது நிரம்பியவர் முதல் 59 வயது நிறைவடையாதவர் வரை. நோயாளிகளை அது வற்புறுத்துவதில்லை. நேர்ச்சை நோன்பு நாமே வரித்துக்கொள்வது. உடல் இடங்கொடாதபோது வேறொரு நற்செயலாக மாற்றித் தரும்படி பங்குத்தந்தையைக் கேட்கலாம். நற்கருணைக்கு முன் நள்ளிரவிலிருந்து தண்ணீரும் அருந்தாதிருந்த காலத்தைப் பாட்டிமார் மறக்கவில்லை. 1964 முதல் அது ஒரு மணி நேரமே. அந்த ஒரு மணியிலும் நீரும் மருந்தும் விலக்கல்ல. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அதற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கத் தடையில்லை. பூசையின் நடுவே கை நடுங்கினால் குளுகோஸை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அது மருந்து. வெட்கப்பட்டுத் தூண்மறைவுக்குப் போய், அங்கே விழுந்துவிடவேண்டா.

நாம் முதலில் சொன்ன பெரியவர் மறு ஆண்டும் நடந்தார். அதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, எடை குறைந்த கணக்கைச் சொல்லி, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். புறப்பட்ட அன்று விடியலில் நான்கு இட்லி. சோதித்துப் பார்த்ததில் 100-க்கு மேல் இருந்தது. அதற்குக் குறைந்திருந்தால் ஒரு வாழைப்பழம் உண்டபிறகே கிளம்புவதாக ஏற்பாடு. பின்னர் ஒரு மணிக்கொருமுறை சப்பரம் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு பழமோ இரண்டு கடலை மிட்டாயோ. மைத்துனரின் சட்டைப்பையில் குளுகோஸ் பொட்டலம். கீழ்வேளூரில் அதே கடையில் நின்று தேநீர் குடித்தார்கள். "போன வருஷம் உங்களை என்னவோ என்று நினைத்துவிட்டேன் ஐயா" என்றாராம் கடைக்காரர். காசு வாங்கவில்லையாம்.